சத்து ஊசி

அந்த ஸ்கேன் கவரை மடக்காதீங்க தம்பி. மடங்குச்சுன்னா படத்துல கோடு விழுந்துரும், மறுபடி எடுத்துட்டு வாங்கம்பாக. ஜன்னல் ஓரமா நட்டுக்க வைங்க. ஆங், அப்படித்தான். யாருக்கு, அம்மாவுக்கா? முன்னாடி பச்சைச் சேலை கட்டியிருக்காகளே, அவுகதானே? நெனச்சேன். பஸ்சுல ஏறுனதுலருந்து உங்களையே திரும்பித் திரும்பிப் பாக்காக.

அந்தக் கவர்ல பேரு போட்டிருக்க ஆசுபத்திரிக்குத்தான் நானும் போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. லேசா அல்சர், அது உள்ளூர்லயே பாத்தாச்சு. நான் போற சோலி வேற. அங்க மதிவதனின்னு ஒரு டாக்டரம்மா இருக்கு. அந்தம்மாவ நாலு பேரு முன்னாடி நிக்க வச்சு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும் கேக்கணும்னே இருந்தேன். இன்னைக்குத்தான் கெளம்ப முடிஞ்சது.

அம்மாகிட்ட என்னன்னு சொல்லியிருக்கீங்க? கொடல் புண்ணுன்னா? நல்லது. அதுலயே நில்லுங்க. இன்னைக்குக் கொடல் புண்ணு, நாளைக்குப் பித்தப்பைக் கல்லுன்னு மாத்திப் பேசிராதீங்க. பொய் சொல்றவனுக்கு மொதல்ல வேண்டியது ஞாபகசக்தி. அனுபவத்துல சொல்றேன். நான் கல்யாணத் தரகர். தரகர் குருவையான்னு சாத்தூர்ப் பக்கம் யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணிவைன்னு பெரியவுக சொல்லியிருக்காக. நான் ஆயிரமெல்லாம் சொன்னதில்ல. பத்துப் பன்னெண்டுலயே முடிச்சிருவேன். மாப்ள தண்ணி போடுவான்னா, நாலு பேரோட கலகலப்பாப் பழகுவான்னு சொல்லுவேன். பொண்ணு வாயாடின்னா, வெள்ளந்தி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதுன்னு சொல்லுவேன். எல்லாம் புள்ளகுட்டி பெத்து நல்லாத்தான் இருக்காக. நான் உண்மையப் பேசியிருந்தா நம்ம ஜில்லாவுல பாதித் தொட்டில் ஆடியிருக்காது.

அதை விடுங்க. எம் பொண்டாட்டி பூரணம். அவளுக்குத்தான் வயிறு உப்பிக்கிட்டே வந்துச்சு. வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சா, கசாயம் குடிச்சா. கடைசில உள்ளூர் டாக்டர் மதுரைக்குப் போங்கன்னுட்டாரு. இதே பஸ்சுலதான் கூட்டிட்டுப் போனேன். படமெல்லாம் எடுத்து முடிச்சதும், அப்ப இருந்த பெரிய டாக்டர் என்னையும் எம் மகன் ரவிச்சந்திரனையும் மட்டும் உள்ள கூப்பிட்டாரு. அவளை வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டுப் போனோம். சினைப்பையில கேன்சர்னுட்டாரு. "நோயாளிக்குச் சொல்லலாமா?"ன்னு கேட்டாரு. "வேணாம் சார், தாங்க மாட்டா"ன்னேன். "உங்க இஷ்டம்"னுட்டாரு. மனுசன்னா அவரு மனுசன். கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

எம் மகன் அங்கயே அழ ஆரம்பிச்சுட்டான். எதுத்தாப்ல டீக்கடைக்கு இழுத்துட்டுப் போயி மொகத்தக் கழுவ வச்சேன். "டேய், வாயால மட்டும் சிரிக்காத. உங்க அம்மா வாயைப் பாக்க மாட்டா, கண்ணத்தான் பாப்பா. கண்ணாலயும் சிரிச்சுப் பழகு"ன்னேன். அந்த டீக்கடைக் கண்ணாடியப் பாத்தே பழகுனான். வந்து அவகிட்ட நீர்க்கட்டின்னு சொன்னோம். நம்பிட்டா. "நல்லவேளை, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேங்க"ன்னா. பாத்தீங்களா? அந்தப் பயத்த ஒரே வார்த்தைல எடுத்தேன். எந்த டாக்டரால முடியும்?

ஆபரேசன் ஆச்சு. எல்லாத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒருக்க ஊசி போடணும்னாக. கேன்சர் ஊசி. அவ கேட்டா, "கட்டிதான் எடுத்தாச்சே, பெறகு என்னத்துக்கு ஊசி?" அப்பத்தான் டக்குன்னு என் வாயில வந்துச்சு. "ரத்தம் நெறையப் போச்சுல்ல? சத்து ஊசி"ன்னேன். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வாயி பழக்கம். அன்னைலருந்து எங்க வீட்டுல, சொந்தத்துல, எல்லாருக்கும் அது சத்து ஊசிதான்.

முடி கொட்டும்னு நர்சம்மா சொன்னாக. நான் சும்மா இருப்பேனா? கொட்டுறதுக்கு முந்தியே இருக்கங்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். "ஆபரேசன் நல்லா முடிஞ்சா ஒனக்கு மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கேன்"னேன். ஆத்துல முங்கி எந்திரிச்சு, சந்தோசமா உக்காந்து மொட்டை போட்டா. எப்படி யோசிச்சேன் பாருங்க. ஊசி போடுற ஹால்ல ஒரு நாளு சுத்திமுத்திப் பாத்துட்டுக் கேட்டா, "ஏங்க, இங்க பாதிப் பேரு மொட்டையா இருக்காகளே?" "எல்லாம் நம்மள மாதிரி நேர்த்திக்கடன்தான்"ன்னேன். "எல்லாரையும் ஆத்தா காப்பாத்தட்டும்"னு அங்க உக்காந்தே கையெடுத்துக் கும்பிட்டா.

சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன்.

பங்குனிப் பொங்கல் வந்துச்சு. எங்க ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா ஊரெல்லையத் தாண்டக் கூடாது. தாண்டுனா குத்தம். இவ அக்கினிச்சட்டி எடுக்கறதா வேண்டிக்கிட்டுக் காப்புக் கட்டிக்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கோயிலுக்குப் போயிட்டு மஞ்சக் கயித்தோடதான் வந்து நிக்கா. அடுத்த ஊசித் தேதி அந்தப் பொங்கலுக்குள்ள வருது. "டாக்டர் திட்டுவாருடி"ன்னு சொல்லிப் பாத்தேன். "சத்துதானேங்க? பொங்கல் முடியற வரைக்கும் முருங்கைக்கீரை தின்னா ஏறிட்டுப் போகுது. சத்து ஊசிக்காக எவளாச்சும் காப்போட எல்லை தாண்டுவாளா?"ன்னா. அவ கேட்டதுலயும் ஞாயம் இருக்குல்ல? தெனமும் வாசப்படில உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சா.

மகன் என்னைய ஓரமாத் தள்ளிட்டுப் போயி, "அப்பா, சொல்லிருவோம்ப்பா"ன்னான். "சொன்ன பொய்யக் காப்பாத்தத் துப்பில்லாதவன் மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாது, போடா"ன்னு வெரட்டிட்டேன். ஆசுபத்திரியிலருந்து போன் வந்துச்சு. ஊர்ல திருவிழா, அடுத்த தடவை வந்துருவோம்னு சொல்லி வச்சுட்டேன்.

நீங்க அவளை அன்னைக்குப் பாத்திருக்கணும். மொட்டைத் தலையில மஞ்சளத் தேச்சு, வேப்பிலைய இடுப்புல சொருகி, தீ எரியற சட்டிய ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வாரா. நோயாளின்னு எவனும் சொல்ல மாட்டான். ரோட்டுல நின்னவுக பூராம் கால்ல தண்ணி ஊத்திக் கும்பிட்டாக. நானும் கும்பிட்டேன். அன்னைக்கு அவ மொகத்துல இருந்த சந்தோசத்த நான் எங்கயும் பாத்ததில்ல. உண்மையச் சொல்லியிருந்தா அந்தச் சந்தோசம் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

காலு கொப்புளிச்சுப் போச்சு, காய்ச்சலும் வந்துச்சு. அதனால அதுக்கு அடுத்த ஊசியும் தள்ளிப்போச்சு. பெறகு பாத்தா வயிறு மறுபடி உப்புது.

போனோம். பெரிய டாக்டர் வெளிநாட்டுல மகன்கிட்ட போயிட்டாராம். அவரு நாற்காலில இந்த மதிவதனி. எம் மருமக வயசுதான் இருக்கும். அவருகிட்ட எல்லாம் பேசி வச்சிருந்தேன், இதுகிட்ட பேச நேரம் கெடைக்கல. அதுதான் நான் செஞ்ச ஒரே தப்பு. எடுத்த எடுப்புல பூரணத்தப் பாத்து, "ரெண்டு தடவை ஊசிக்கு வரலையேம்மா, ஏன்?"ன்னு கேக்குது. என்னையக் கேக்கல. பொண்டாட்டிக்குச் சீக்குன்னா புருசன்கிட்ட கேக்கணும்ங்கற மொறை தெரியல. இவளும் சொல்றா, "அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தேன் டாக்டர். சத்து ஊசிதானே, பெறகு போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

அந்தம்மா பேனாவக் கீழ வச்சிருச்சு. என்னையவே பாத்துச்சு. அந்தப் பார்வைய இன்னும் என்னால மறக்க முடியல தம்பி. திருடனப் பாக்குற மாதிரி பாத்துச்சு. "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"ன்னுச்சு.

"எதுக்கு? கையெழுத்துப் போட்டவன் நான். எதுன்னாலும் என்கிட்ட சொல்லுங்க"ன்னேன்.

"உடம்பு அவங்களோடது ஐயா. அவங்க கேட்டா நான் பதில் சொல்லித்தான் ஆகணும்."

உடம்பு அவளோடதாம். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சோறு போட்டு வளத்த உடம்பு. படிச்ச திமிரு, வேறென்ன? நான் வெளிய வந்தேன். வந்தேனே தவிர, கதவெல்லாம் கெடையாது, திரைச்சீலைதான். காதக் குடுத்துட்டு நின்னேன்.

பூரணம் கேக்கா, "எனக்கு என்ன டாக்டர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமாம்மா? வேணாம்னா சொல்லுங்க, வீட்டுக்காரர்கிட்டயே பேசிக்கிறேன்."

"தெரிஞ்சுக்கணும். என்னையத் தவிர எல்லாருக்கும் தெரியும் போல இருக்கு."

அம்புட்டுத்தான். சொல்லிருச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. நாற்காலிய இழுத்துப் பக்கத்துல போட்டு, கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. மெதுவாக் கழுத்தறுத்தா அது கொலை இல்லைன்னு ஆயிருமா? அப்புறம் பூரணம் கேட்டா, "அந்த ரெண்டு ஊசியும் போட்டிருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இன்னும் கொஞ்ச காலம் கெடைச்சிருக்கலாம்."

இதையாச்சும் மறைச்சிருக்கலாம்ல? போனது போச்சு, அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? இதைத்தான் தம்பி அந்தம்மாகிட்ட கேக்கணும். வேற எதைக் கேக்கறனோ இல்லையோ, இதைக் கேட்டுருவேன்.

திரும்பி வரும்போது பஸ்சுல கூட்டமே இல்ல. என் பக்கத்துல எடம் காலியாக் கெடக்கு. அவ முன்னாடி லேடீஸ் சீட்டுல போயி உக்காந்தா. திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், ஒவ்வொரு ஸ்டாப்பா வருது. திரும்பிப் பாப்பா, ஏதாச்சும் கேப்பான்னு பாத்துக்கிட்டே வந்தேன். திரும்பல.

வீட்டுக்கு வந்து சோறு போட்டா. ரசம் ஊத்தும்போது சொன்னா, "இந்த வாயால எத்தனை வீட்டுக்குப் பொய் சொன்னீக. நம்ம வீட்டுக்குமா?" நான் நல்லதுக்குத்தானே சொன்னேன். மோர் இருக்கான்னு கேட்டேன்.

அப்புறம் பூரா அவ இஷ்டந்தான். ஊசிக்கு அவ தங்கச்சி செண்பகத்தக் கூட்டிக்கிட்டுப் போவா. நானும் கூடவே போவேன், என்னைய வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லிருவா. உள்ள அந்தம்மாகிட்ட என்னத்தப் பேசுவாளோ, சிரிப்புச் சத்தம் கேக்கும். என்கிட்ட ஒரு நாளு அப்படிச் சிரிச்சவ இல்ல. ஒரு கட்டத்துல ஊசி போதும்னு அவளாச் சொல்லிட்டா. வலிக்கு மட்டும் மாத்திரை குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. நான் கத்துனேன், "யாரைக் கேட்டு நிப்பாட்டுன?"ன்னு. "டாக்டரம்மாகிட்ட கேட்டேன். என்கிட்டயும் கேட்டுக்கிட்டேன்"னா. இந்தப் பேச்செல்லாம் எங்க படிச்சா? அங்க படிச்சதுதான்.

சேலைய யார் யாருக்குன்னு பிரிச்சுக் குடுத்தா. ஸ்டூடியோவுக்குப் போயி, கிராப்பு மாதிரி வளந்திருந்த தலையோட போட்டோ எடுத்து, இதத்தான் மாட்டணும்னு மகன்கிட்ட குடுத்துட்டா. பக்கத்து வீட்டுக்காரியோட பேசாம இருந்தா, போயிப் பேசிட்டு வந்தா. தெனமும் சாயங்காலம் அல்வா வாங்கிட்டு வரச் சொல்லித் திம்பா. உண்மை தெரிஞ்ச அன்னைக்கே பாதி செத்துட்டா தம்பி. அதைத்தான் சொல்றேன். அடுத்த பங்குனிக்குக் காப்புக் கட்டுறதுக்குள்ள போயிட்டா. கடைசியாக் கண்ணத் தொறந்தப்ப என்னையப் பாத்து, "சாப்பிட்டீகளா?"ன்னா. சாப்பிட்டேன்னேன். சாப்பிடல. அப்பவும் பொய்தான் சொன்னேன். வேற என்ன சொல்லணும்?

கப்பலூர் டோல்கேட் வந்துருச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

ஏன் இன்னைக்குக் கெளம்புனேன்னு கேக்கீங்களா? கேக்கல, சரி. நானாச் சொல்றேன். போன மாசத்துலருந்து எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நெஞ்சுல அடைக்குது. மகன் விருதுநகர்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். குழாய விட்டுப் பாத்தாக. பாத்துட்டு, "அப்பா, நீங்க பெஞ்சுல இருங்க, நான் மருந்து கேட்டுட்டு வந்துர்றேன்"னு உள்ள போனான். வந்தான். அல்சர்தான்ப்பா, காரத்தக் கொறைங்கன்னான். சிரிச்சான்.

கண்ணாலயும் சிரிச்சான் தம்பி.

அதுலருந்து எங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லவுகளாயிட்டாக. மருமக நான் கேக்காமயே ஹார்லிக்ஸ் போட்டுக் குடுக்கா. நான் டிவியச் சத்தமா வச்சா ஒருத்தரும் கொறைக்கச் சொல்லல. எனக்கும் சிவகாசித் தரகன் சண்முகையாவுக்கும் ஆகவே ஆகாது. எம் பார்ட்டிய அவன் இழுப்பான், அவன் பார்ட்டிய நான் இழுப்பேன். அவன் போன வாரம் வீடு தேடி வந்து ஒரு நல்ல எடத்து ஜாதகத்தக் கையில குடுத்து, "அண்ணாச்சி, இத நீங்களே முடிங்க"ன்னுட்டுப் போறான். தரகன் தரகனுக்கு ஜாதகம் குடுத்து எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

நேத்துக் காலைல மகன் சொல்றான், "அப்பா, ஒடம்பு ரொம்ப மெலிஞ்சிருச்சு. அடுத்த வாரத்துலருந்து சத்து ஊசி போடணுமாம்."

அந்த வார்த்தைய உண்டாக்குனதே நான்தான். வேற வார்த்தையா அந்தப் பயலுக்குக் கெடைக்கல? அப்பன் சொன்னதையே அப்பன்கிட்ட சொல்றான். எனக்குக் கோவம் கூட வரல. "போட்டுக்கலாம்ப்பா"ன்னு நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? அவன் மூஞ்சியப் பாத்து, டேய் எனக்கு என்னடான்னு கேக்க வாய் வரல. கேட்டா அல்சர்ம்பான். இன்னும் நல்லாச் சிரிப்பான். அவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கேன்.

பயமா இருக்கு தம்பி. என்னன்னு தெரியாமலே பயமா இருக்கு. பூரணத்துக்கு அந்தப் பயம் இல்லாமப் பாத்துக்கிட்டேன்னுதான் இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவளும் ராவெல்லாம் முழிச்சுத்தான் கெடந்திருப்பாளோ என்னமோ. நான் கேட்டதில்ல.

வீட்டுல திருமங்கலத்துல ஒரு வரன் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. ரத்தம் கித்தம் எடுக்கணும்னா வெறும் வயித்தோட வாம்பாகல்ல, அதுக்கு. இல்ல இல்ல, சண்டை போடத்தான் போறேன். போற எடத்துல அதையும் பாத்துக்கலாம்ல?

உங்க அம்மா மறுபடி திரும்பிப் பாக்காக பாருங்க. கையக் காட்டுங்க. கொடல் புண்ணுலயே நில்லுங்கன்னு சொன்னேன்ல? என்னத்தச் சொன்னேனோ. நீங்க எப்படிச் சிரிக்கீங்கன்னு பாக்கத்தான் திரும்பறாக. சிரிக்காதீங்க. சும்மா பாருங்க, போதும்.

எறங்குற எடம் வந்துருச்சு. கவரைப் பத்திரமா எடுத்துக்கங்க, அம்மா கையப் பிடிச்சு எறக்குங்க. உள்ள போனதும் சீட்டுக் குடுக்கற எடத்துல எந்த டாக்டர்னு கேப்பாக. பழைய பெரிய டாக்டர் மாதிரியே இன்னொருத்தரு புதுசா வந்திருக்காராம், தங்கமான மனுசனாம், நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதைத்தான் சொல்லுவாராம். வேணும்னா அவருகிட்ட போங்க. நான் மதிவதனிகிட்ட போறேன். அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.